பல் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி, திருமலை நாயக்கரின் வயிற்று வலியைத் தீர்த்தவர் என்கிறது தலவரலாறு. பல்வலி என்றால் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் ராஜபாளையத்துக்காரர்களும் பல் டாக்டரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பால்கோவா ஊர் ஆயிற்றே, பல் கிளினிக்குகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

சின்ன கிளினிக்குகளில் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்பார். டோக்கன் போடுவது, சிமென்ட் குழைப்பது, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது எல்லாம் அவர்தான். பெரும்பாலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. கூட்டம் சேர்ந்துவிட்டால் டாக்டர், "பல்செட்டுக்கு நீயே அளவு எடுத்துடும்மா" என்பார். சட்டம் குறுக்கிடுவது அங்கேதான்.

1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டப்படி பல்லைப் பிடுங்குவது மட்டுமல்ல, மரத்துப்போக ஊசி போடுவது, பல்லை எக்ஸ்ரே எடுப்பது, பல்செட் பொருத்துவதற்கான முன்வேலைகள் எல்லாமே பல் மருத்துவம்தான். பல்லைச் சுத்தம் செய்ய ஹைஜீனிஸ்ட், பல்செட் செய்ய மெக்கானிக் என இரண்டு துணைப் பணிகளை மட்டும் அச்சட்டம் பெயர் சொல்லி வரையறுத்தது. குழாய் பிடிக்கும் அந்தப் பெண்ணுக்கு அதில் இடமே இல்லாமல் போனது. பதிவு பெறாதவரை உதவியாளராக வைத்துப் பல் மருத்துவம் பார்க்கவிடுவது டாக்டரின் ஒழுக்கக் கேடு என்று 1976ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்லிவிட்டன. பழி அந்தப் பெண்ணின் தலையில் விழக்கூடாது. அளவு எடுக்கச் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வெறும் காகிதச் சண்டை என்பவர்கள் வாணியம்பாடியை நினைத்துப் பார்க்கட்டும். 2023இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று வந்தது. 8 பேர் இறந்தார்கள். ஈறை விலக்கும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை மூடி வைத்து மறுபடியும் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். திறந்தது யார் கை என்பதைவிட, அதைக் கவனித்துத் தடுக்க ஒருவரும் இல்லாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது.

பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. துணைப் பணியாளர்களுக்கும் தேசியப் பதிவேடு வேண்டும் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் பதிவேடு மட்டும் கருவியைக் கழுவாது. உதவியாளருக்குப் பயிற்சி கொடுப்பதும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதும் டாக்டரின் வேலை.

நாற்காலியில் சாய்வதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: "ஊசி போடப்போறது டாக்டரா? சலைன் பாட்டில் புதுசா?" தயங்காமல் கேளுங்கள். கோபப்படும் கிளினிக்காக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.