சட்டத்தைக் கூண்டில் ஏற்றிய மௌனப்படம்

1918 நவம்பரில் ஜெர்மனியில் முடியாட்சி கவிழ்ந்தபோது தணிக்கையும் ஒழிந்தது. கிடைத்த அந்தச் சிறிய இடைவெளியில் இயக்குநர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் துணிந்து எடுத்த படம் ‘ஆண்டர்ஸ் அல்ஸ் டீ ஆண்டர்ன்’. ‘மற்றவர்களைப் போல் அல்லாதவர்’ என்று பொருள். 1919 மே மாதம் பெர்லினில் திரையிடப்பட்டது. தன்பால் ஈர்ப்புக் கொண்டவர்களுக்காக வெளிப்படையாக வாதாடிய முதல் படங்களில் இது ஒன்று.

படத்தின் நாயகன் பால் கோர்னர் புகழ்பெற்ற வயலின் கலைஞர். அவரிடம் வாசிக்கக் கற்க வரும் இளைஞன் கூர்ட். இருவருக்கும் இடையே அன்பு வளர்கிறது. பூங்காவில் அவர்கள் ஒன்றாக நடந்து போவதை ஒருவன் பார்த்துவிடுகிறான். பிறகென்ன, பணம் கேட்டு மிரட்டத் தொடங்குகிறான். கொடுக்கக் கொடுக்கக் கேட்கிறான். பொறுக்க முடியாமல் கோர்னர் நீதிமன்றம் போகிறார். மிரட்டியவனுக்குச் சிறை கிடைக்கிறது. கோர்னருக்கும் ஒரு வாரம் சிறை! ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 175 அவரையும் விடவில்லை. கச்சேரிகள் நின்றுபோகின்றன, தெரிந்தவர்கள் ஒதுங்குகிறார்கள். கோர்னர் விஷம் குடித்து இறக்கிறார்.

படத்தின் பலமே இந்த மிரட்டல் கதைதான். ஒரு சட்டம் யாரைக் காக்கிறது, யாருக்குப் பிழைப்புத் தருகிறது என்பதைச் சாதாரண ரசிகரும் புரிந்துகொள்ளும்படி அது காட்டிவிடுகிறது. கோர்னராக நடித்த கான்ராட் ஃபைட் இதில் அள்ளித் தரும் துயரம் அபாரமானது. அடுத்த ஆண்டு ‘டாக்டர் காலிகரி’ படத்தில் தூக்கத்தில் நடப்பவராக வந்து உலகை மிரள வைத்தவர் இவரே.

ஓஸ்வால்டுடன் சேர்ந்து கதை எழுதிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட், படத்திலும் மருத்துவராகவே வருகிறார். 175ஆம் பிரிவை நீக்கக் கோரி 1897 முதல் போராடியவர். காதலனை இழந்து தானும் சாக நினைக்கும் கூர்டிடம், உயிரோடு இருந்து இந்த அநீதியை எதிர்த்துப் போராடு என்கிறார். நிஜத்தில் அந்தப் பிரிவு ஜெர்மானியச் சட்டத்திலிருந்து முழுமையாக நீங்கியது 1994இல்தான்.

படத்தை எதிர்த்தவர்கள் திரையரங்குகளில் கலகம் செய்தார்கள். இயக்குநரும் மருத்துவரும் யூதர்கள் என்பதைச் சொல்லியே வசைபாடினார்கள். 1920இல் தணிக்கை திரும்பி வந்ததும் பொதுத் திரையிடலுக்குத் தடை விழுந்தது. மருத்துவர்களும் ஆய்வாளர்களும் மட்டும் பார்க்கலாம் என்றாயிற்று. 1933 மே மாதம் ஹிர்ஷ்ஃபெல்டின் பெர்லின் ஆய்வகத்தை நாஜிகள் சூறையாடி, நூல்களை வீதியில் போட்டுக் கொளுத்தினார்கள். அப்போது வெளிநாட்டில் இருந்த அவர், பாரிஸ் திரையரங்கு ஒன்றில் ஓடிய செய்திப்படத்தில்தான் அந்தத் தீயைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் இந்தப் படம் தனித்து நிற்கவில்லை. டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1924இல் ‘மைக்கேல்’ படத்தில் முதிய ஓவியர் தன் இளம் மாடல் மீது வைத்த ஆழ்ந்த அன்பைக் காட்டினார். 1929இல் பாப்ஸ்ட் இயக்கிய ‘பண்டோராவின் பெட்டி’யில் நாயகி லூலுவை ஒரு சீமாட்டி காதலிக்கிறாள்.

ஓஸ்வால்டின் படம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைச் சுருக்கி, 1927இல் ஹிர்ஷ்ஃபெல்ட் தன் இன்னொரு படத்துக்குள் சேர்த்திருந்தார். உக்ரைனிய மொழி எழுத்துகளோடு தப்பிப் பிழைத்த அந்தப் பகுதியை வைத்து, விட்டுப்போன இடங்களைப் புகைப்படங்களாலும் விளக்க வரிகளாலும் நிரப்பியே இன்று திரையிடுகிறார்கள்.