எழுத்துக்கும் உண்டு உழவாரப் பணி

திருநாவுக்கரசர் பெருமான் உழவாரம் ஏந்திச் சிவாலயங்களில் மண்டிய புல்லைச் செதுக்கித் தொண்டு புரிந்தார். இன்றும் அன்பர்கள் குழுவாகச் சென்று திருக்கோயில்களைத் தூய்மை செய்வது உழவாரப் பணி என்றே வழங்குகிறது. அப்பெருமான் அருளிய பதிகங்களிலேயே பிழையென்னும் களை முளைத்தால், அதைக் களைவதும் அத்தொண்டின் ஒரு பகுதியன்றோ?

தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பது மரபு. குடந்தையில் பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூருக்குச் சென்றார் என்பர். அன்று ஏட்டைச் செல் அரித்தது. இன்று கைப்பேசிவழிப் பரவும் பதிகங்களைப் பிழை அரிக்கிறது. ‘அரன்’ சிவபெருமானைக் குறிக்கும். ‘அரண்’ என்றால் கோட்டை. ‘அரி’ திருமால், ‘அறி’ என்றால் தெரிந்துகொள். ஓரெழுத்துப் பிழைத்த பாடலை வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப, அது நூறு இல்லங்களுக்குச் செல்கிறது. பின்னர் அவரே பிழையை உணர்ந்தாலும், நூறு இல்லங்களையும் தேடிச் சென்று திருத்த இயலாது.

திருத்த இயலும் இடங்களும் இணையத்தில் உள்ளன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக வழங்கி வருகின்றனர். தமிழ் விக்கிமூலத்தில் எவரும் அத்தகைய பணியில் சேரலாம். கட்டணம் இல்லை, பயனர் கணக்கைப் புனைபெயரிலும் தொடங்கலாம்.

அங்கே பழைய நூலின் பக்கம் ஒளிப்படமாக ஒருபுறமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்து மறுபுறமும் தோன்றும். கணினி ‘ர’வையும் துணைக்காலையும் மயங்கிப் படிப்பதுண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ‘னை’, ‘லை’ போன்றவற்றின் பழைய வடிவங்களும் அதைத் தடுமாறச் செய்யும். அவ்வடிவங்களைப் படித்து வளர்ந்த தாத்தா, பாட்டியரின் கண்கள் இங்கே பெருந்துணை. கருவியை இயக்கப் பேரப்பிள்ளைகள் கற்றுத் தரலாம். எழுத்தை இனங்காணப் பெரியவர்கள் கற்றுத் தரலாம்.

மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாகக் குறிக்கப்படும். ஒருவர் பார்த்து முடித்ததும் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. ஓலைச்சுவடியை ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பு நோக்கிய பழைய முறையே இங்கும் தொடர்கிறது.

இங்கே முதலில் கற்க வேண்டியது அடக்கம். பதிகத்தை மனப்பாடமாக அறிந்தவரே மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். நாவில் பழகிய பாடம் ஒன்றாகவும், அச்சிட்ட பாடம் வேறாகவும் இருக்கக்கூடும். அச்சில் உள்ளபடியே பதிவதுதான் நெறி. பாடபேதம் என்று தோன்றினால் அதை உரையாடல் பக்கத்தில் எழுதிக் கேட்கலாம். எழுதியபின் நான்கு அலைக்குறிகளை இட்டால் பயனர் பெயரும் நேரமும் தாமே பதியும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதக் களத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்றே பெயர். ஊர்ப் பெரியோர் கூடும் இடத்தில் பேசும் பணிவு அங்கும் வேண்டும்.

தாம் திருத்திய பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், பிறர் செய்யும் மாற்றங்களை அறியலாம். பழைய வடிவங்கள் யாவும் வரலாற்றில் நிற்பதால், தவறாக மாற்றியதை மீட்டுவிடலாம். புதியவர் அஞ்சத் தேவையில்லை. ஆயினும் உரிமை காலாவதியாகாத உரைநூல்களைப் பதிவேற்றலாகாது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை பொதுவாக நீடிக்கிறது.

மாலையில் விளக்கேற்றியபின் நாளொரு பக்கம் பார்த்தாலும், ஆண்டு முடிவில் ஒரு முழு நூல் செம்மையுறும். அதைச் செய்தவர் பெயரை ஓதுவோர் அறியாமற் போகலாம். பிராகாரத்தில் புல் செதுக்கியவர் பெயரையும் வலம் வருவோர் அறிவதில்லை. அவர்களின் பாதங்களில் முள் தைப்பதில்லை, அவ்வளவே.