லெக்சிங்டன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக் கட்டடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1775ஆம் ஆண்டு விடுதலைப் போரின் தொடக்க மோதல் நிகழ்ந்த லெக்சிங்டன் திடலை நோக்கி நிற்கும் பழைய மரக்கட்டடம், அந்நாட்டில் அரசு ஆதரவில் தோன்றிய முதல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு இடமளித்த பெருமைக்குரியது. மாநிலக் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மானின் விடாமுயற்சியால் 1839 ஜூலை 3 அன்று பெண்களுக்கென்றே திறக்கப்பட்ட இப்பள்ளியில் முதல் நாள் சேர்ந்தோர் மூவரே. ஆயினும் தலைமையாசிரியர் சைரஸ் பியர்ஸ் தளராது, அவ்வாண்டிலேயே மாதிரிப் பள்ளி ஒன்றை, அதாவது பயிற்சி பெறுவோர் ஊர்ச் சிறுவர்க்குப் பாடம் நடத்திப் பழகும் வகுப்பை ஏற்படுத்தி, அவர்கள் கற்பிக்கும் முறையை நேரில் கண்டு திருத்தினார். பாடம் அறிந்திருப்பது வேறு, கற்பிக்க அறிந்திருப்பது வேறு என்பதை நடைமுறையில் நிறுவிய அவருடைய பணி என்றும் போற்றத்தக்கது. முதல் அணி மாணவியருள் ஒருவரான மேரி ஸ்விஃப்ட் எழுதிய நாட்குறிப்பு அவ்வகுப்பறையின் அன்றாடப் பாடங்களை இன்றும் காட்டுகிறது. அவரே பின்னர், பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ஜ்மனுக்கு ஆசிரியையாகவும் விளங்கினார். 1844இல் வெஸ்ட் நியூட்டனுக்கும் 1853இல் ஃபிரேமிங்காமுக்கும் இடம்பெயர்ந்த அப்பள்ளியே இன்றைய ஃபிரேமிங்காம் மாநிலப் பல்கலைக்கழகம் ஆகும்.