சாட்சிக் கூண்டும் ஆறாத நினைவும்

புது தில்லி: மேற்கு தில்லியின் திலக் விஹாரில், 1984 நவம்பரில் கணவரைப் பறிகொடுத்த சீக்கியப் பெண்கள் குடியமர்த்தப்பட்ட பகுதிக்கு 'விதவைகள் காலனி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தில்லியில் மட்டும் கொல்லப்பட்டோர் 2,733 பேர் என்பது அரசின் கணக்கு. அடுத்தடுத்து வந்த ஆணையங்களும் குழுக்களும் உயிர் தப்பியவர்களிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

வரிசைதான் சிக்கல். சாதாரண நினைவு, துயரமானதாயினும், நாளடைவில் ஒரு கதையாகிக் கடந்த காலத்தில் அமர்ந்துவிடுகிறது. பேரதிர்ச்சியால் மனநலம் குலைந்தவர்களுக்கோ, அது எரியும் ரப்பரின் வாடையாக, ஒரு கூக்குரலாக, இக்கணமே நடப்பதுபோல் திரும்புகிறது. அமெரிக்காவின் யேல், மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் இத்தகைய 28 பேருக்கு அவரவர் அனுபவங்களையே ஒலிக்கச் செய்து மூளையைப் படம்பிடித்து, 2023-ல் முடிவை வெளியிட்டனர். ஒரே மாதிரியான சோக நினைவுகளுக்கு, நினைவுகளைத் தொகுக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி பலரிடமும் ஒத்த விதமாக இயங்கியது. அதிர்ச்சி நினைவுகளில் அந்த ஒற்றுமை இல்லை.

குறுக்கு விசாரணை இந்த வேறுபாட்டை அறியாது. முன்பு சொல்லாததைப் பின்னர் சொன்னால் ஐயம். அன்று வாய் திறக்க அஞ்சியதும், காவல்துறை எழுத மறுத்ததும் கணக்கில் வருவதில்லை. ராஜ் நகரில் ஐவர் கொல்லப்பட்ட வழக்கில் சஜ்ஜன் குமாரை 2013-ல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளை நம்பி தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பர் 17 அன்று. மூளை ஆய்வைக் கொண்டு அல்ல. சாட்சியத்தைக் காது கொடுத்துக் கேட்டதால். அதற்குள் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன.