மில்க்வீட் விதைக்கு எதுக்கு ஒரு குளிர்காலம்?

சிகாகோ புறநகர்ல இருக்கும் நம்மூர் நண்பர்கள் சிலரிடமிருந்து வருஷா வருஷம் மே மாசம் ஒரே கேள்வி வரும். "மோனார்க் பட்டாம்பூச்சி வரட்டும்னு மில்க்வீட் விதை போட்டேன். மூணு வாரம் ஆச்சு, ஒண்ணுகூட முளைக்கல. விதை செத்துப் போச்சா?" பெரும்பாலும் விதை நல்லாத்தான் இருக்கும். அது இன்னும் குளிர்காலத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் குளிர் சமாச்சாரம் புரிந்துவிட்டால் எந்த மில்க்வீடை நடலாம், எதை நடக்கூடாது என்பதும் புரிந்துவிடும். என்னைக் கேட்டால் முளைக்கிறதா இல்லையா என்பதைவிட அதுதான் பெரிய கேள்வி.

மில்க்வீட் நம்ம எருக்குக்கு நெருங்கிய உறவு. கிள்ளினால் பால் வரும், காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும். எருக்கம்பால் மாதிரியே இந்தப் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். மோனார்க் புழுவுக்கு இந்த இலையைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. இலையில் இருக்கும் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தின்ற பறவை வாந்தி எடுக்கும், அடுத்த முறை தொடாது. நம்ம ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றும் ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியும் மோனார்க்கும் ஒரே பேரினம்தான். ஹவாயில் மோனார்க் எருக்கிலேயே முட்டை வைக்கிறது.

இப்போ விதைக்கு வருவோம். இங்கே மில்க்வீட் காய் வெடிப்பது செப்டம்பர் கடைசி, அக்டோபரில். அப்போது நாலு நாள் வெயில் அடித்தது என்று விதை முளைத்தால், அடுத்த வாரம் விழும் உறைபனியில் நாற்று காலி. அதனால் விதைக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. பல வாரம் ஈரத்தோடு குளிரில் கிடந்தால்தான் முளைப்பதைத் தடுக்கும் ஹார்மோன் குறைந்து, முளைக்கச் சொல்லும் ஹார்மோனின் கை ஓங்கும். நம்ம பாஷையில் சொன்னால், 'வெயில் வந்ததா' என்பது மட்டும் கண்டிஷன் இல்லை. 'நீண்ட குளிருக்குப் பிறகு வெயில் வந்ததா' என்பதுதான் கண்டிஷன். ஈரம் என்ற வார்த்தையைக் கவனிங்க. பாக்கெட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் விதை பத்திரமாக இருக்கும், பூட்டு திறக்காது.

ஃப்ரிட்ஜ் வழி இதுதான். பேப்பர் டவலை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் விதையைப் பரப்பி மடித்து, ஜிப்லாக் பையில் போட்டு 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் குறைந்தது 30 நாள். நான் ஆறு வாரம் விடுவேன். ஃப்ரீசர் வேண்டாம். வாரம் ஒரு தடவை பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்க. பை மேல் பெயரும் தேதியும் எழுதுவது அவசியம், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது என்னமோ ஏதோ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, ஈரம் காயாமல் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஒண்ணு ரெண்டு வாரத்தில் தலை காட்டும்.

சோம்பேறி வழி இன்னும் நல்லது. நவம்பரில் மண்ணைக் கீறி, விதையைத் தூவி, காலால் மிதித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். எலி, பறவைக்குப் பயந்தால் காலன் பால் கேனை இடுப்பில் வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி விதைத்து, மூடியைக் கழற்றிவிட்டுக் குளிர்காலம் முழுக்க வெளியே வைக்கலாம். தயிர் தோய்க்கும் வீட்டில் பால் கேனுக்கா பஞ்சம்!

(பஞ்சு என்றதும் ஒரு கிளைக்கதை. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்றது. லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்றாக மில்க்வீட் பஞ்சை எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் காய் பொறுக்கினார்கள். இரண்டு மூட்டைக் காய் ஒரு ஜாக்கெட்டுக்கு என்பது கணக்கு.)

முதல் வருஷம் செடி பார்க்க நோஞ்சானாகத்தான் இருக்கும். அதன் கவனமெல்லாம் வேரில். பெரும்பாலும் பூக்காது. பனி வந்ததும் மேல்பகுதி செத்துவிடும். அடுத்த வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகுதான் எழுந்து வரும், அவசரப்பட்டு மண்வெட்டியை எடுக்காதீங்க.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் நர்சரிக்குப் போய், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீடை வாங்கி வருகிறார்கள். அதற்குக் குளிர் வேண்டாம், நட்ட வருஷமே பூக்கும், மோனார்க்கும் ஆசையாக வந்து முட்டை வைக்கும். சிக்கலும் அங்கேதான்.

கோடையில் பிறக்கும் மோனார்க் ரெண்டிலிருந்து ஆறு வாரம் வாழும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வெளிவரும் தலைமுறை மட்டும் வேறு ரகம். அது இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு, எட்டு மாதம் வரை வாழ்ந்து, மெக்சிகோவின் மிச்சோவகான் பக்கம் சுமார் 3000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓயமெல் மரக் காடுகளுக்குப் போகிறது. ஏற்கனவே போய் வந்தது ஒண்ணுகூட அதில் இல்லை. 'கிளம்பு' என்று அதற்குச் சொல்வது குறையும் பகல், குளிரும் இரவு, கூடவே முற்றிப் பழுக்கும் மில்க்வீட் இலை.

ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸ் கடற்கரையிலும் வெப்பமண்டலச் செடி குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். சில பட்டாம்பூச்சிகள் பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே முட்டை வைக்கின்றன. ஓஈ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒட்டுண்ணியின் வித்துகள் இலைமேல் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தின்ற புழு பட்டாம்பூச்சியானதும், தொற்று அதிகமென்றால் சிறகை விரிக்கவே முடியாது. நாட்டு மில்க்வீட் வருஷம் ஒருமுறை செத்து, சுத்தமான இலையோடு திரும்பி வருகிறது. விதையில் எரிச்சல் தந்த அதே குளிர்காலம்தான் இங்கே நோயையும் துடைக்கிறது.

சிகாகோவில் பனி அந்தச் செடியைக் கொன்றுவிடும், கெடுதல் குறைவு. இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். தெற்கே இருப்பவர்கள் ஏற்கனவே வைத்திருந்தால் இலையுதிர்காலத்தில் தரையோடு வெட்டிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தால் சாதாரண மில்க்வீட் போடலாம், தரைக்கடியில் ஓடிப் பரவும். சின்னத் தோட்டத்துக்குச் சதுப்பு மில்க்வீட் அடக்கமானது. விதையிலிருந்து வளர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நர்சரிச் செடியில் பூச்சிமருந்து ஊறியிருக்கலாம், புழு செத்துப்போகும். மஞ்சள் அசுவினி அப்பினாலும் மருந்தடிக்காதீங்க, முட்டையும் புழுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விரலால் நசுக்கினால் போதும்.

பத்துச் செடியால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மெக்சிகோ காடுகளில் மோனார்க் கூட்டம் அடைந்திருந்த பரப்பு 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர். 2013-14-ல் 0.67. 2024-25-ல் 1.79. களைக்கொல்லியைத் தாங்கும் சோளமும் சோயாவும் வந்தபின் வயலுக்குள் இருந்த மில்க்வீட் அழிந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதை ஈடுகட்ட மத்திய மேற்கில் 130 கோடிக்கு மேல் தண்டுகள் வேண்டும் என்பது 2017-ல் வந்த மதிப்பீடு. வீட்டுத் தோட்டங்களால் மட்டும் இது ஆகாது. சாலையோரமும் மின்கம்பிப் பாதையும் வயல் வரப்பும் வேண்டும். ஆனால் ஒரு பெண் மோனார்க் தன் நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பெரும்பாலும் செடிக்கு ஒன்றாகத்தான் வைத்துக்கொண்டே பறக்கிறது. வழியில் இருக்கும் பத்துச் செடியும் அதற்குக் கணக்கில் வரும்.

விதை வேண்டுமென்றால் காசு கொடுக்கவேண்டியதில்லை. செப்டம்பரில் காய் தானாகப் பிளக்கும் தருணத்தில் உள்ளே பாருங்கள். விதை பழுப்பாக இருந்தால் பறிக்கலாம், வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பஞ்சு விரியும் முன் உருவினால் விதை சுலபமாகக் கழன்று வரும். ஒரு காயில் ஏறத்தாழ 200 தேறும். காகித உறையில் காயவையுங்கள், பிளாஸ்டிக்கில் பூஞ்சை வரும்.