உங்களுக்குத் தெரியுமா? கதவு சுவிட்சுக்கு ஒரே வயர்!

சிவகாசி பட்டாசு ஆலைகளில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடுவது பாதுகாப்பு நடைமுறை. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் எர்த் வழியாக மண்ணில் இறங்கிவிடும். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற பழைய கார்களின் கதவு சுவிட்சும் எர்த்தை நம்பியதுதான்.

கதவுத் தூணிலுள்ள குமிழ்தான் அந்தச் சுவிட்ச்; அதற்கு வருவது ஒரே வயர். கதவைத் திறந்ததும் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளும், தொடுமுனை பாடியோடு சேரும், உள்விளக்கு எரியும். காரில் மண் அல்ல, பாடியே எர்த். அதனால் சுற்றிலும் துரு பிடித்தாலோ, புது பெயின்ட் அடைத்துக்கொண்டாலோ நல்ல சுவிட்சும் வேலை செய்யாது. குமிழ் அமுங்காமல் சிக்கினால் விளக்கு அணையாது. 5 வாட் பல்பு 40 ஆம்பியர்-அவர் பேட்டரியை நான்கே நாளில் காலி செய்துவிடும்.

விளக்கு எரியாவிட்டால் சுவிட்சைக் கழற்றி, வயர் முனையை வெறும் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வயரும் பல்பும் நலம். (சிறு பொறி பறக்கலாம்; பட்டாசு ஏற்றிய வண்டியில் இதைச் செய்யவே கூடாது.) பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வயரில் நூல் கட்டுங்கள், தூணுக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. துளை விளிம்பை உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்த பிறகே புது சுவிட்சை மாட்டுங்கள்.