கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி.! தானே முன்வந்து சொன்னார் வாலிபர்

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் 2018 டிசம்பர் 3–ந்தேதி ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். உடம்பில் ரத்தம் கம்மி, ஏற்றினால் பிரசவம் சுலபமாகும் என்பது கணக்கு. சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் இருந்து வந்த ரத்தம். பரிசோதித்த ரத்தம் என்ற பெயரில்தான் வந்தது.

அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

ரத்தம் கொடுத்தவர் ஒரு வாலிபர். உறவினர் ஒருவருக்காக நவம்பர் 30–ந்தேதி கொடுத்திருந்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் டெஸ்ட் எடுத்தபோதுதான் தனக்குக் கிருமி இருப்பது அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

2016–லேயே தெரியும்!

விசாரணையில் இன்னொரு குட்டு உடைந்தது. 2016–லும் இவர் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அவரிடம்தான் யாரும் சொல்லவில்லை! ரிசல்ட் ஏட்டில் தூங்கியது. மனிதர் ஊரில் நடமாடினார். லேப் ஊழியர்கள் 3 பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது.

இது 'ரெட்ரோ வைரஸ்' வகைக் கிருமி. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, அதன் மரபுப் பொருளோடு தன்னையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளும். ஆள் வருஷக்கணக்கில் திடகாத்திரமாகத் தெரிவார். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. 1986–ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாக இதைக் கண்டதும் ரத்தப் பரிசோதனையில்தான். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது, தொட்டாலும் தொற்றாது. ரத்தத்தில் ஏற்றினால் தப்புவது அபூர்வம்.

பெரியாஸ்பத்திரியில் இருவரும்

விஷயம் பேப்பரில் வந்ததும் வாலிபர் மனம் உடைந்து தற்கொலைக்கு முயன்றார். மதுரை பெரியாஸ்பத்திரியில் டிசம்பர் 30–ந்தேதி இறந்துபோனார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பெண்ணையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். கூட்டு மருந்து கொடுத்தார்கள். தாயின் ரத்தத்தில் கிருமியை இந்த மருந்து அடக்கிவைத்தால் குழந்தைக்குப் போகும் ஆபத்து வெகுவாகக் குறையும். 2019 ஜனவரி 17–ந்தேதி பெண் குழந்தை பிறந்தது. ஜூலையில், ரூ.25 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி ஐகோர்ட்டு மதுரை கிளை அரசுக்கு உத்தரவு போட்டது.

தாய் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தையின் ரத்தத்தைப் பின்னர் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை!